மடிப்பக்காவும் திறந்து கிடந்த பையும்

சலவைக்கூடத்துப் பெண்கள்தான் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர் வைத்தார்கள். பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டே இருக்கும் நீளமான அறை அது. ஜன்னல் கிடையாது. உலர்த்தியிலிருந்து சுடச்சுட வந்து விழும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிப்பதுதான் வழக்கம். அக்கா மட்டும் ஒற்றை ஆளாக மடிப்பாள். தாடையில் நடு விளிம்பு, இரண்டு கையிலும் இரண்டு நுனி, ஓர் உதறல், முடிந்தது. ஓரத்தோடு ஓரம் பொருந்தவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பஸ் டிக்கெட்டைக்கூட நான்காக மடித்துத்தான் தூக்கிப் போடுவாள். மகளைத் திட்டிக்கொண்டே மகளுடைய துணிகளை மடிப்பாள். திட்டி முடிப்பதற்குள் அலமாரி நிறைந்துவிடும்.

மடிப்பதற்கு முன்னால் கறை பார்க்க வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தேநீரா, மையா, உதட்டுச் சாயமா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவாள். ரத்தம் என்றால் மட்டும் பேச்சு நின்றுவிடும். கையுறையை மாட்டி, அந்தத் துணியை மஞ்சள் பையில் போட்டு, முடிச்சுப் போட்டுத் தனியாக வைப்பாள். புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது, சில்லு மூக்கு உடைந்திருக்கும், இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டால், யாருடைய ரத்தமாக இருந்தாலும் நமக்குத் தெரியாதவருடைய ரத்தம் என்று நினைத்துத்தான் தொட வேண்டும் என்பாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள் நிறையப் பேர். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நம் அக்கா இதை வேலை செய்யும் இடத்தில் மட்டும்தான் நினைவில் வைத்திருந்தாள்.

ரத்தத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. முதல் கணவர் கண்ணை மூடியபோது அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு பெண் குழந்தையும் எச்.ஐ.வி.யும். குழந்தை அதற்கெல்லாம் முன்பே பிறந்துவிட்டதால் தப்பியது. அக்காவை எலும்பும் தோலுமாகத்தான் எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். மாத்திரை அவளை மெல்ல மெல்ல எழுப்பி உட்கார வைத்தது, பிறகு வேலைக்கும் அனுப்பியது. சலவைக்கூடத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. அது சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தாள். இந்த வயதில் இவ்வளவு வேகமாக மடிக்கிறாளே, அது என்ன சத்து மாத்திரை, எங்களுக்கும் எழுதித் தாருங்கள் என்று ஒருத்தி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், பாவம்.

காயில்காரர் அவள் வாழ்க்கைக்குள் வந்தது அதே மையத்தில்தான். எரிந்துபோன மோட்டார்களுக்கும் மின்விசிறிகளுக்கும் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில், அதனால்தான் அந்தப் பெயர். காத்திருப்புக் கூடத்தில் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி டொக்கு டொக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கை நிறைய மாத்திரையோடு வெளியே வந்த மனிதர் அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த அக்காவின் மடியில் தன் கருவிப் பையை வைத்து, "இதைக் கொஞ்சம் புடிங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே குப்பை மேடு. அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியுமா? அவர் திருகாணியை முடுக்கி இறங்குவதற்குள் பருத்தி நாடாக்கள் ஒரு பக்கம், குறடுகள் ஒரு பக்கம், துடைக்கும் துணி நான்காக மடித்து நடுவில் என்று பை ஒழுங்காகிவிட்டது. காற்று சத்தமில்லாமல் வந்தது. அவர் பைக்குள் பார்த்துவிட்டு, இனி டெஸ்டரைத் தேடவே ஒரு நாள் ஆகும் என்று சலித்துக்கொண்டார். அடுத்த மாதம் இரண்டு பேரும் மாத்திரை வாங்க வேண்டிய நாள் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் தற்செயல் என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் எதையும் மறைக்கவில்லை. எப்போதும் முழுக்கைச் சட்டை போடும் மனிதர், அன்றைக்குக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கை மடிப்பில் பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன. வாலிபத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து போதை ஊசி போட்டதும், ஒரே ஊசி கை மாறிக் கை மாறி வந்ததும், அதன் வழியாக எச்.ஐ.வி.யும் கல்லீரலைத் தின்னும் ஹெபடைட்டிஸ் சி என்ற இன்னொன்றும் ஒட்டிக்கொண்டதும், கடைசியில் தலைமுழுகிவிட்டு வந்ததும் எல்லாம் சொன்னார். விட்ட நாளிலிருந்து ஊசியைக் கையால் தொடுவதில்லை என்றார். அது உண்மைதான். சட்டைப் பொத்தான் அறுந்தால், கம்பி முனையை மயிரிழை பிசகாமல் முடியும் அந்தக் கை, பொத்தானை எடுத்துக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டும்.

மகள் கல்யாணத்துக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அப்பா என்று வாய் வரவில்லை. கடைசியில் சார் என்று கூப்பிட ஆரம்பித்தாள். வீட்டுக்குள் ஒருவரை சார் என்று கூப்பிட்டால் அவர் எழுந்து நின்று கணக்குச் சொல்லிக்கொடுப்பாரோ என்று தோன்றும், ஆனாலும் அதுவே நிலைத்துவிட்டது.

மையத்து ஆலோசகர் அம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்து, இருவருக்கும் எச்.ஐ.வி. இருப்பதால் இனி ஒன்றும் தொற்றாது என்று நினைத்துவிடாதீர்கள், இவருக்கு இருப்பது உங்களுக்கு இல்லை, சவரக் கத்தி, பல் துலக்கி எல்லாம் தனித்தனி என்று படித்துப் படித்துச் சொன்னார். சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டார்கள். ஆனால் மனதுக்குள் இருவருக்கும் ஒரு நினைப்பு இருந்தது, வெளியே சொன்னதில்லை. ஊரெல்லாம் நம் ரத்தத்தைக் கண்டு பத்தடி தள்ளி நிற்கிறது. ஒருவர் ரத்தத்துக்கு இன்னொருவர் பயப்படத் தேவையில்லாத வீடு என்று ஒன்று நமக்காவது இருக்கட்டும். வருடக்கணக்காகக் கூச்சப்பட்டே வாழ்ந்தவர்களுக்கு அந்த நினைப்பு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

போன வருடம் காயில்காரருடைய கல்லீரல் நோய்க்கு மாத்திரை வந்தது. மூன்று மாதம் விழுங்கினார். பிறகு பார்த்த ரத்தத்தில் கிருமி அடியோடு இல்லை. அக்கா அந்தக் காலி மாத்திரைப் பெட்டிகளைத் தட்டையாக மடித்து, நூல் கட்டி, ஏதோ பட்டுத்துணி மாதிரி கொஞ்ச நாள் அலமாரியில் வைத்திருந்தாள். ஆனால் உடம்பு என்பது ஒன்று போனால் இன்னொன்று கேட்கும் சாமான். சில மாதத்திலேயே அவருக்குச் சர்க்கரை என்றார்கள். அக்காவுக்கு அது முன்பே உண்டு. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கும் சின்ன இயந்திரமும், பேனா போல இருக்கும் குத்தூசியும் வீட்டிலேயே இருந்தன.

இப்படித்தான் அந்தக் காலை வழக்கம் ஆரம்பமானது. எழுந்ததும் இருவரும் கட்டில் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அக்கா குத்தூசியின் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தன் விரலில் குத்தி, அளவு பார்த்துவிட்டு, விரலைச் சின்னத் துண்டில் துடைப்பாள். அடுத்து அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு விரலை நீட்டுவார். அக்கா அதே ஊசியால் குத்துவாள். இடையில் துடைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நோய் பார்க்கிற கருவி நோய் கொடுக்கும் என்று யார் நினைப்பார்கள்? அவருக்கு வலிக்காமல் இருக்க விரலின் பக்கவாட்டில் பார்த்துக் குத்துவாள். எல்லாம் முடிந்ததா என்று சுவரைப் பார்த்தபடியே கேட்பார். முடிந்தது, இனி தைரியசாலியாக இருக்கலாம் என்பாள். ஒரு நாளில் அவளுக்கு மிகவும் பிடித்த நேரம் எது என்று கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

வருடாந்திரப் பரிசோதனையில் குண்டு விழுந்தது. காயில்காரருடைய ரத்தத்தில் கல்லீரல் கிருமி மறுபடியும் இருந்தது.

மையத்து டாக்டர் அம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இந்தக் கிருமி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. இதுல பல வகை இருக்கு. உங்களுக்கு முன்னாடி இருந்தது மூணாம் வகை. இப்ப இருக்கிறது ஒண்ணாம் வகை. பழசு திரும்பி வரல. இது வேற எங்கிருந்தோ புதுசா வந்திருக்கு" என்றார். சில பேருக்கு ஆரம்பத்திலேயே இரண்டு வகையும் சேர்ந்து இருந்து, பெரியது போன பிறகு சின்னது தலைதூக்குவதும் உண்டாம். அதற்காகச் சேமித்து வைத்திருந்த பழைய ரத்தத்தையும் தோண்டித் துருவிப் பார்த்துவிட்டார்கள். அதில் ஒன்றாம் வகை மருந்துக்கும் இல்லை. வீட்டுக்காரம்மாவுக்கு உண்டா என்று டாக்டரே கேட்டு, அவரே கணினியில் பார்த்து, மையத்துக்கு வந்த புதிதில் செய்த பரிசோதனையில் இல்லை என்று வந்திருப்பதைச் சொன்னார். அக்காவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்று பேருடைய கண்ணும் அந்த முழுக்கைச் சட்டையின் மேல் போய் நின்றது. அதில் அவருடைய கண்ணும் ஒன்று.

"நான் போடல டாக்டர்" என்றார் காயில்காரர்.

டாக்டர் திட்டவில்லை. மறுபடியும் விழுவது யாருக்கும் நடக்கக்கூடியது, அதற்காக மருந்தை நிறுத்த மாட்டோம், ஆனால் போதை மீட்பு வகுப்புக்குச் சனிக்கிழமைதோறும் போய் வர வேண்டும் என்றார். அந்தக் கனிவே அக்காவுக்குப் பகீரென்றது. திட்டியிருந்தால் சந்தேகம் என்று இருந்திருக்கும். கனிவாகப் பேசினால் முடிவு செய்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்.

காயில்காரர் தலையாட்டிவிட்டு, சனிக்கிழமைதோறும் பட்டறையைச் சாத்திவிட்டு அந்த வகுப்புக்குப் போனார். மீசை முளைக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு நடுவில், பதினொரு வருடமாக ஊசியைத் தொடாத மனிதர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அக்கா ஒருமுறை கேட்டாள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள், அது முன்பே தெரியும் என்றார்.

விஷயத்தைக் கேட்ட மகள் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். ஊறுகாய் மாதிரி எதையும் ஊறப்போட்டுப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. "அம்மா, சார் நல்லவருதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ரத்தம் பொய் சொல்லாது. நீ என்கூட வந்துடு" என்றாள். அக்கா அவள் கொண்டுவந்த பையிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது, "பாக்கலாம்" என்பது. அந்த ஒரு சொல் அவளையே சுட்டது.

அவரை நம்புகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும் அந்தப் பிடரியைப் பார்க்கும்போது முழுசாக நம்பினாள். அவர் பட்டறையிலிருந்து அரை மணி நேரம் தாமதமாக வந்தால் வாசலில் போய் நின்று சந்தேகப்பட்டாள். கடைசியில், எந்த மனுஷியும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத காரியம் ஒன்றைச் செய்தாள். அவர் சாயங்காலம் குளிக்கப் போனதும் அந்தக் கருவிப் பையைத் துழாவினாள். நாடா, குறடு, டெஸ்டர், வார்னிஷ் டப்பா. ஒன்றும் இல்லை. மறுநாளும் துழாவினாள். அதற்கு மறுநாளும். கறை தேடித் தேடிப் பழகிய கண். இல்லை என்றால் விட்டுவிடத் தெரியவில்லை.

அவளுக்கு வசதியாக அவரும் கொஞ்சம் அசட்டையாகிவிட்டார். முன்பெல்லாம் வந்ததும் பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவார். இப்போது கட்டிலின் மேல் அப்படியே போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறார், ஜிப்பைக்கூட இழுப்பதில்லை. விரிப்பில் செம்புத் தூள் கொட்டுகிறது, கம்பி முனை குத்துகிறது என்று அக்கா சண்டைக்குப் போனாள். மறந்துவிடுகிறது என்றார். வெயில் அப்படி ஒன்றும் கொளுத்தாத நாட்களில் அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். வயதானால் மனிதருக்கு ஒழுங்கு கெட்டுவிடும்போல என்று நினைத்துக்கொண்டே அவள் அவர் கையைப் பார்த்தாள். பழைய தழும்புகள்தான் இருந்தன. அதை நன்றாகப் பார்க்க முடிந்ததில் ஏற்பட்ட நிம்மதிக்காக வெட்கப்பட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் சலவைக்கூடத்தில், வந்து விழுந்த துணிகளுக்கு நடுவில் முகம் துடைக்கும் சின்ன வெள்ளைத் துண்டு ஒன்று வந்தது. ஓரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள், பக்கத்தில் பக்கத்தில். அக்கா பழக்கப்படி கையுறையை மாட்டினாள். துண்டை மஞ்சள் பைக்குள் போடப் போன கை அந்தரத்தில் நின்றது. இதே மாதிரித் துண்டு, நைந்துபோனது என்று ஓட்டலே கொடுத்தது, அவள் வீட்டுக் கட்டில் தலைமாட்டில் கிடக்கிறது. அதன் ஓரத்திலும் இப்படித்தான், இரண்டிரண்டாக. எது அவருடையது, எது தன்னுடையது என்று அவளாலேயே சொல்ல முடியாது. ஊர் பேர் தெரியாதவருடைய புள்ளிக்குக் கையுறை போடுகிறோம். நம் விரலில் குத்திய ஊசியைத் துடைக்காமல் கட்டினவருடைய விரலில் குத்துகிறோம். வெளியிலிருந்து வரவில்லை என்றால், அவர் சொல்வது உண்மை என்றால், அது வீட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் இருப்பது இரண்டே பேர்.

பக்கத்தில் நின்றவள் என்னக்கா என்று கேட்டாள். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் மடிக்காமல் விட்ட விரிப்புகளை மற்றவர்கள் அதிசயம்போலப் பார்த்தார்கள்.

மறுநாள் டாக்டர் அம்மா முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்தாள். காலை வழக்கத்தை ஒன்று விடாமல் சொன்னாள். எனக்கு மறுபடியும் பாருங்கள் என்றாள். டாக்டர் கணினியில் பழைய பரிசோதனையின் தேதியைப் பார்த்தார், அந்த நேரத்தில் அவள் உடம்பு இருந்த நிலையையும் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லையாம். கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் சரக்கைத் தேடுவதாம். எச்.ஐ.வி. முற்றி, எலும்பும் தோலுமாக வந்தவளுடைய உடம்பில் எதிர்க்கத் தெம்பு ஏது? கிருமி உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கும். "நாங்கதான் திரும்பப் பாத்திருக்கணும். பாக்கல" என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

பார்த்தார்கள். இருந்தது. ஒன்றாம் வகை.

அதோடு விடாமல் இருவருடைய ரத்தத்தையும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமியின் மரபெழுத்துகளை ஒன்றுவிடாமல் படிக்கச் சொன்னார் டாக்டர். முடிவு வர நாளானது. அந்த நாட்களில் அக்கா இரண்டு விதமாகவும் வேண்டிக்கொண்டாள். அது தன்னிடமிருந்து போயிருக்கக் கூடாது என்று ஒரு மனம். தன்னிடமிருந்துதான் போயிருக்க வேண்டும், அப்போதுதான் அவர் சொன்னது மெய்யாகும் என்று இன்னொரு மனம். சர்க்கரை பார்ப்பதை மையத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று அவரிடம் ஒரு பொய் சொல்லி, குத்தூசியை ஒளித்து வைத்தாள். காலையில் அவர் கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்து, பிறகு ஞாபகம் வந்து எழுந்து போவார். அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

முடிவு வந்தது. டாக்டர் அதைக் குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"இந்தக் கிருமிக்கு அச்சு அசலா தன்னைப் படி எடுக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் எங்கேயாவது ஒரு எழுத்து மாறிடும். வருஷம் ஆக ஆக ஒரே உடம்புக்குள்ள அண்ணன் தம்பி, சித்தப்பா பசங்க, பெரியப்பா பசங்கன்னு பெரிய கூட்டமாயிடும். உங்க உடம்புல இருக்கிறது அந்த மாதிரி பழைய கூட்டம். அவரு உடம்புல இருக்கிறது இப்பத்தான் தனிக்குடித்தனம் போன சின்னக் குடும்பம். அது உங்க கூட்டத்துக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். உங்ககிட்டேருந்துதான் போயிருக்கணும். சத்தியம் பண்ண முடியாது, ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல."

அவளுக்கு எப்படி வந்திருக்கும்? மகள் பிறந்தபோது உயிர் போய் உயிர் வந்தது, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடும் பழக்கம் அந்த ஆஸ்பத்திரிக்கு வராத காலம். அதுவாக இருக்கலாம் என்றார் டாக்டர். இத்தனை வருடம் அவள் உடம்பிலேயே சத்தம் போடாமல் குடியிருந்திருக்கிறது. மகளையும் பார்த்துவிடுவோம் என்றார். (பார்த்தார்கள், அவளுக்கு ஒன்றும் இல்லை.) சனிக்கிழமை வகுப்புக்கு இனி அவர் வர வேண்டாம், நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன் என்று டாக்டர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். அக்கா தடுத்தாள். "மொதல்ல நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. வார்னிஷ் வாசனை சந்து முனையிலேயே மூக்கில் ஏறும். காயில்காரர் மர அச்சில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார், உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சுற்றை எண்ணும்போது அவரிடம் பேசக் கூடாது. எண்ணிக்கை கலைந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். அவர் அவளைப் பார்த்தார், இந்த நேரத்தில் இங்கே எப்படி என்று புருவத்தை உயர்த்தினார், எண்ணுவதை விடவில்லை. அக்கா ஒரு பழைய மோட்டார் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சொல்ல வந்ததை அவர் எண்ணி முடிக்கும்வரை பிடித்து வைத்துக்கொள்வதற்காகச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அப்போதுதான் கருவிப் பை கண்ணில் பட்டது. சுவரில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜிப் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இறுக்கமாக இழுத்து மூடியிருந்தது. பக்கத்தில் குறடுகள் உயர வரிசையில், நாடாச் சுருள்கள் அடுக்கி, துடைக்கும் துணி நான்காக மடித்து. வயதாகி ஒழுங்கு கெட்டுப்போன மனிதருடைய பட்டறையாக அது இல்லை.

அவர் கடைசிச் சுற்றை முடித்து, நாடாவால் கட்டி, கம்பியை வெட்டினார். "என்ன?" என்றார்.

அக்கா சொன்னாள். துண்டில் இருந்த புள்ளியிலிருந்து தொடங்கி, டாக்டர் சொன்ன பழைய கூட்டம், சின்னக் குடும்பம் வரை. என் கையாலேயே உங்களுக்குக் குத்தி விட்டிருக்கிறேன் என்றபோது குரல் உடைந்தது. காயில்காரர் கையில் இருந்த காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. ரொம்ப நாளாக நின்றுகொண்டே இருந்தவர் உட்கார்ந்தால் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"பதினொரு வருஷமா ஊசியே வேண்டாம்னு ஓடினேன். கடைசில வீட்டுலயே ஒருத்தி தினமும் காலைல போட்டு விட்டிருக்கா" என்றார். பிறகு, அவளுக்கும் இருக்கிறதே, அவளுக்கும் மருந்து உண்டா, அவள் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க ஆரம்பித்தார். மருந்து உண்டு, இருவரும் சேர்ந்தே சாப்பிடலாமாம், கல்லீரல் இன்னும் தாங்குகிறதாம் என்றாள். அவர் பெருமூச்சு விட்டார்.

இத்தோடு அவள் எழுந்து போயிருக்கலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் அந்த மூடிய ஜிப் அவளை விடவில்லை.

"நான் உங்க பையத் துழாவினேன். தினமும்."

"தெரியும்" என்றார்.

"வீட்டுல மட்டும் ஏன் திறந்து போட்டீங்க?"

காயில்காரர் காயிலைக் கீழே வைத்தார். நேராக அவளைப் பார்க்கவில்லை. ஊசி குத்தும்போது திரும்புவதுபோலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மொத நாளே எனக்குக் கேட்டுச்சு. ஜிப்பு சத்தம் குளியலறை வரைக்கும் வந்துச்சு. கொஞ்சம் இழுக்கிற, நிறுத்துற, மறுபடி கொஞ்சம் இழுக்கிற. நான் கேட்டுடுவேனோன்னு பயந்து பயந்து இழுக்கிற. நீ அப்படிப் பயப்படுறது எனக்குப் பிடிக்கல. அதான் திறந்தே வெச்சேன்."

அரைக்கைச் சட்டைக்குக் காரணம் அவள் கேட்கவில்லை, கேட்காமலே புரிந்துவிட்டது. அந்தத் தழும்புகளைக் கடைக்கு வருகிறவன், சந்தில் போகிறவன் எல்லோரும் பார்க்கும்படி, இவள் ஒருத்தி நிம்மதியாகப் பார்ப்பதற்காகக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். அக்கா அழுதாள். வார்னிஷும் செம்புத் தூளும் ஒட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டே அழுதாள். அவர் இன்னொரு கையால் பக்கத்தில் நான்காக மடித்து வைத்திருந்த துணியை எடுத்துக் கொடுத்தார். அதில் எண்ணெய் இருந்ததால் முகம் கருப்பாகிவிட்டது. அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, அப்படியேதான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

இப்போது கட்டில் தலைமாட்டில் இரண்டு குத்தூசிப் பேனாக்கள் இருக்கின்றன, ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் நீல நூல். ஒவ்வொரு முறையும் புது முனை. அவருக்குக் குத்துவது இன்னும் அக்காதான், ஆனால் கையுறை மாட்டிக்கொண்டுதான் குத்துகிறாள். நான் என்ன ஓட்டல் விரிப்பா என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார். குத்தி முடிந்ததும் இருவரும் மாத்திரையைச் சேர்ந்து விழுங்குகிறார்கள். மகள் ஒரு தடவை வந்து, சொல்ல வந்ததை மென்று விழுங்கி, கடைசியில் அவரிடம், "சார், என் வீட்டு ஃபேன் சத்தம் போடுது, வந்து பாக்கறீங்களா" என்று கேட்டாள். மன்னிப்பு அவள் வாயில் அந்த உருவத்தில்தான் வரும் என்று அவருக்கும் தெரியும். போய்ப் பார்த்தார். ஃபேன் நன்றாகத்தான் இருந்ததாம்.

பட்டறையில் எல்லாம் பேசிய அன்று சாயங்காலம் காயில்காரர் பழக்க தோஷத்தில் பையைக் கட்டிலின் மேல் திறந்தபடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அக்கா அதன் அருகில் போனாள். உள்ளே பார்க்கவில்லை. ஜிப்பைப் பிடித்து, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, அவர் காதில் விழும்படி ஒரே இழுப்பில் கடைசி வரை மூடினாள். பிறகு பையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்.